இருபது லட்சம் கேட்ட கூரை 1.35 லட்சத்தில் முடிந்தது: ஒரு டெல்டா ஓட்டு வீட்டின் கணக்கு

திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே ஒரு கிராமம். 1960களில் கட்டிய ஓட்டு வீடு. களிமண் சாந்தில் எழுப்பிய செங்கல் சுவர், அதன் மேல் சுண்ணாம்புப் பூச்சு, பனங்கைமரம் (முகட்டிலிருந்து சுவருக்குச் சரிந்து இறங்கும் பனைச் சட்டம்), ரீப்பர் (ஓடு மாட்ட அதன் குறுக்கே அடிக்கும் மெல்லிய சட்டம்), மேலே சீமை ஓடு, அதாவது மங்களூர் ஓடு. முன்னால் திண்ணை, பின்னால் சமையலறைக்கு ஒரு சாய்ப்பு. வீட்டுக்காரர் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். 2023 மாசி மாதம் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். மழைக்காலம் முழுக்க கூடத்தில் பாத்திரம் வைத்துத் தண்ணீர் பிடித்திருக்கிறார்கள். மின்விசிறி மாட்டியிருந்த விட்டத்தில் ஈரம் காயவே இல்லை.

நான் போவதற்கு முன்பே மூன்று பேர் வந்து விலை சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். முதல் மேஸ்திரி, "இதுல கை வைக்கிறது தண்டம், இடிச்சிட்டுத் தளம் போட்டுக் கட்டிடுங்க" என்றார். ஆயிரம் சதுர அடிக்கு இருபது லட்சத்துக்குக் கீழே அவர் இறங்கவில்லை. இரண்டாவது ஆள் வெல்டிங் பட்டறைக்காரர். ஓடு, மரம் எல்லாவற்றையும் இறக்கிவிட்டு இரும்பு டிரஸ் அடித்துக் கலர் ஷீட் போட 2.6 லட்சம் கேட்டார். மூன்றாமவர் எல்லாம் புதிதாக, புது மரம், புது ஓடு என்று 3.4 லட்சம் எழுதிக் கொடுத்தார்.

வீட்டுக்குள்ளும் மூன்று கருத்து. மகனுக்கு மாடி வீடு வேண்டும். மருமகளுக்கு ஓட்டிலிருந்து கொட்டும் தூசி ஆகவே ஆகாது, அதனால் ஷீட். அம்மாவுக்கு வீடு இப்படியே இருக்க வேண்டும், ஒழுகக் கூடாது, அவ்வளவுதான். பெரியவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "தம்பி, கையில ரெண்டு லட்சம் இருக்கு. அதுக்கு மேல வட்டிக்கு வாங்க மாட்டேன். முடியுமா, முடியாதா?"

முடிந்தது. அறுபத்தைந்தாயிரம் மீதியும் இருந்தது. எப்படி என்பதை விவரமாக எழுதக் காரணம், டெல்டாவில் இதே நிலையில் இன்னும் ஏராளமான வீடுகள் நிற்கின்றன. அந்த வாசல்களிலும் இதே மூன்று விலையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

முதல் விலை கூரைக்கான விலையே இல்லை

தளம் போடச் சொல்பவர்கள் ஏன் சுவரையும் சேர்த்து இடிக்கச் சொல்கிறார்கள்? எடைதான் காரணம். ஐந்து அங்குலக் கான்கிரீட் தளம் ஒரு சதுர அடிக்கு 30 கிலோ வரும். அதன் மேல் செங்கல் ஜல்லிச் சுருக்கியும் தட்டோடும் போட்டால் இன்னும் ஏறும். சீமை ஓடு ரீப்பரோடு சேர்த்துச் சதுர அடிக்கு ஏறத்தாழ 6 கிலோதான். இந்த வீட்டுக்கு இதைப் பெருக்கிப் பார்த்தால், இப்போது சுவர் தாங்கும் ஓட்டின் எடை ஏழு டன். தளம் போட்டால் கான்கிரீட் மட்டுமே முப்பது டன். களிமண் சாந்துச் சுவர் மேல், சுற்றிலும் பெல்ட் கான்கிரீட் கூட இல்லாத சுவர் மேல், அதை ஏற்ற எனக்குத் துணிவில்லை. மேஸ்திரி சொன்னது தப்பில்லை. தளம் வேண்டுமென்றால் அஸ்திவாரத்திலிருந்து கட்டத்தான் வேண்டும். ஆனால் அது புது வீடு. கூரை ஒழுகுகிறது என்று வந்தவரிடம் புது வீட்டை விற்பது வேறு வியாபாரம்.

அரசு உதவி பற்றியும் மகன் கேட்டார். அப்படிப்பட்ட திட்டங்கள் குடிசையில் இருப்பவர்களுக்குக் கான்கிரீட் வீடு கட்டித் தருவதற்கானவை. பிறகு 2024இல், வீட்டுக்கு 3.5 லட்சம் என்று அறிவித்த கலைஞரின் கனவு இல்லமும் அப்படித்தான். செங்கல் சுவரும் சீமை ஓடும் உள்ள வீடு அந்தக் கணக்கில் வராது. அதை நம்பி ஒரு மழைக்காலத்தைக் கடத்த வேண்டாம் என்று நேரிலேயே சொல்லிவிட்டேன்.

ஷீட் விலைதான் யோசிக்க வைத்தது. கலர் ஷீட் சதுர அடிக்கு அரைக் கிலோ கூட வராது, சீக்கிரம் வேலை முடியும், பராமரிப்பும் குறைவு. ஆனால் சித்திரை வெயிலில் ஷீட்டுக்குக் கீழே மத்தியானம் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு மிச்சத்தைச் சொல்ல வேண்டியதில்லை. அதைத் தணிக்கக் கீழே சீலிங் அடித்தால் 2.6 லட்சம் மூன்றைத் தாண்டும். அப்புறம் காற்று. 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் பக்கம் கஜா புயல் கரையேறியபோது ஷீட் கூரைகள் பல இடங்களில் முழு முழுத் தகடாகக் கிளம்பின. ஓட்டுக் கூரையில் ஓட்டுக்கும் ஓட்டுக்கும் இடையே காற்று கசிந்து வெளியேற வழி இருக்கும். அதனால் ஓரத்து ஓடுகள் போகும், உடையும். ஆனால் கூரை மொத்தமாகத் தூக்குவது குறைவு. ஷீட்டை ஒழுங்காக நெருக்கி ஸ்க்ரூ போட்டு, டிரஸ்ஸைச் சுவரோடு ஆழமாகப் பிணைத்தால் அதுவும் நிற்கும்தான். பட்டறைக்காரரின் 2.6 லட்சத்தில் அந்தப் பிணைப்பு இருக்கிறதா என்று கேட்டேன். "சுவத்துல ஓட்டை போட்டுச் சிமெண்ட் அடைச்சிடுவோம் சார்" என்றார். களிமண் சாந்துச் சுவரில்.

எங்கே ஒழுகுகிறது என்று யாருமே பார்க்கவில்லை

மூன்று பேரும் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்து விலை சொன்னவர்கள். யாரும் ஏணி வைக்கவில்லை. நானும் ஆசாரி ஒருவரும் உச்சி வெயில் நேரத்தில் உள்ளே ஜன்னல், கதவெல்லாம் சாத்திவிட்டு மேலே பார்த்தோம். கூரையில் எங்கே இடைவெளி இருக்கிறதோ அங்கே வெளிச்சப் புள்ளி தெரியும். வெளிச்சம் தெரிந்த இடத்துக்கு நேர் கீழே கைமரத்தில் சாக்பீஸால் குறி போட்டோம். பிறகு மேலே ஒருவர் குழாயோடு ஏறி, தாவாரத்து ஓரத்திலிருந்து முகடு வரை ஒவ்வொரு பகுதியாகத் தண்ணீர் விட்டார். எந்த இடத்தில் தண்ணீர் விடும்போது உள்ளே சொட்டுகிறது என்று பார்த்து இரண்டாவது குறி. இதற்குச் செலவு ஒரு ஆள் கூலி. மொத்த வேலையில் அதிகம் மிச்சம் பிடித்துக் கொடுத்தது இதுதான் என்பேன்.

குறிகளில் முக்கால்வாசி பின்சரிவில் விழுந்தன. முன்சரிவு கிட்டத்தட்ட காய்ந்து கிடந்தது. ஏன் என்று ஓட்டைக் கழற்றிப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. முன்சரிவில் எல்லாமே வீடு கட்டியபோது வேய்ந்த ஓடு, எல்லாவற்றிலும் ஒரே சூளையின் முத்திரை. பின்சரிவு கஜாவில் அடிபட்ட பக்கம். புயல் முடிந்த வாரத்தில் ஓடு கிடைக்காமல், கிடைத்த இடத்திலெல்லாம் வாங்கிச் செருகியிருக்கிறார்கள். நாலு விதமான முத்திரை. சீமை ஓட்டில் ஒரு பக்க விளிம்பில் பள்ளமும் மறுபக்கம் மேடும் இருக்கும். பக்கத்து ஓட்டின் மேடு இந்தப் பள்ளத்தில் உட்கார்ந்தால்தான் பூட்டு விழும். சூளைக்குச் சூளை இந்த அச்சு கொஞ்சம் மாறும். இரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம் போதும், ஓடு பார்க்க உட்கார்ந்த மாதிரி இருக்கும், காற்றோடு வரும் மழை உள்ளே ஏறிவிடும். நாலு வருடத்துக்கு மேலாக அந்த இடுக்கில் இறங்கிய தண்ணீர்தான் ரீப்பரை மக்க வைத்திருந்தது.

முகட்டிலும் ஒரு தொல்லை. கஜாவுக்குப் பிறகு முகட்டு ஓட்டைச் சிமெண்ட் அதிகமாகப் போட்ட கலவையில் பூசியிருந்தார்கள். மரக்கூரை வெயிலுக்கும் மழைக்கும் கொஞ்சம் அசையும். கெட்டிச் சிமெண்ட் அசையாது, விரிசல் விடும். அந்த மயிரிழை விரிசல் வழியாகத்தான் மின்விசிறி விட்டத்துக்குத் தண்ணீர் போயிருக்கிறது.

சரி, ஆக மாற்ற வேண்டியது என்ன? ரீப்பர் பெரும்பாலும் முழுக்க. கைமரம் சில. ஓட்டில் கலப்பு ஓடு மட்டும். முகட்டுப் பூச்சு. கூரை என்று ஒரே பெயரில் சொன்னாலும் அதில் ஒவ்வொரு அடுக்குக்கும் ஒவ்வொரு ஆயுள். இந்த வீட்டில் ஆயுள் முடிந்தது நடு அடுக்குக்கு. மற்றவர்கள் விலை சொன்னது மேலும் கீழும் சேர்த்து.

ஓட்டுக் கணக்கு

வெளித் தாவாரத்தையும் சேர்த்துக் கூரையின் தரைப்பரப்பு 36க்கு 28 அடி, 1,008 சதுர அடி. ஓட்டுக் கூரை சாய்வாக இருப்பதால் உண்மையான பரப்பு அதைவிடக் கூடும். இங்கே சரிவு 30 டிகிரி, அதற்கு 1.155ஆல் பெருக்க வேண்டும். 1,164 சதுர அடி. நூறு சதுர அடிக்கு 140 ஓடு என்று வைத்தால் 1,630 ஓடு. இந்தக் கணக்கை வீட்டுக்காரர்கள் தாங்களே போட்டு வைத்துக்கொள்வது நல்லது. புது ஓட்டு விலை எழுதிக் கொடுத்தவர் 2,100 ஓடு போட்டிருந்தார். உடைசலுக்கு ஐந்து சதவீதம் சேர்த்தாலும் அவ்வளவு வராது.

பழைய ஓட்டைச் சோதிக்க மூன்று வழி உண்டு, மூன்றையும் செய்தோம். ஒரு கையில் தூக்கிப் பிடித்து விரல் மடக்கித் தட்டினால் நல்ல ஓடு கணீரென்று கேட்கும். உள்விரிசல் இருந்தால் மொத்தென்று கேட்கும். அடிப்பக்கம் ரீப்பரில் மாட்டும் மூக்கு முழுசாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மூக்கு உடைந்த ஓடு நழுவும். கடைசியாக, சந்தேகமான ஓட்டின் பள்ளத்தில் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்து அடிப்பக்கத்தைத் தடவிப் பார்ப்பது. லேசாக நிறம் மாறினால் பரவாயில்லை, சொட்டுக் கட்டினால் ஒதுக்கிவிட வேண்டும். பாசி பிடித்துக் கறுத்திருப்பது ஒரு குறையே இல்லை. தண்ணீரும் பிரஷ்ஷும் போதும். கடற்கரைப் பக்கத்தில் உப்புப் பூத்து மேல்தோல் உரியும் ஓடு மட்டும் தேறாது.

இப்படித் தேறியவை 1,180. தேவை இன்னும் 450. மன்னார்குடிப் பக்கம் இடித்துக்கொண்டிருந்த ஒரு வீட்டில், முன்சரிவில் இருந்த அதே முத்திரை ஓடு கிடைத்தது. 500 ஓடு, ஒன்று 18 ரூபாய், தட்டிப் பார்த்து நாமே பொறுக்கிக்கொள்ளலாம் என்று பேச்சு. அந்த ஓட்டை வாங்க எங்களுக்குப் பெரிதாக அலைச்சல் இருந்தது. கடையில் புது ஓடு வாங்கியிருந்தால் ஒரு போனில் முடிந்திருக்கும். ஆனால் புது ஓடு அப்போது 45 ரூபாய், அதுவும் பழைய அச்சோடு பூட்டிக்கொள்ளாது. மறுபடி கஜாக் கதைதான். மங்களூரில் 1865இல் பாசல் மிஷன்காரர்கள் தொடங்கிய தொழில் இது. அந்தக் காலத்து ஆலைகள் பல மூடிவிட்டன. அதனால் பழைய முத்திரைக்குப் புது ஓடு தேடுவதைவிட இடிக்கிற வீடு தேடுவதுதான் வழி. இடிக்கும் வீடு எங்கே என்பதை ஊரில் முதலில் அறிந்து வைத்திருப்பவர் பழைய மரக்கடைக்காரர். அவரிடம் சொல்லி வைத்தால் போதும்.

கலப்பு ஓட்டில் நல்லதாக இருந்தவற்றைத் தூக்கிப் போடவில்லை. அவற்றைச் சூளைவாரியாகப் பிரித்து மாட்டுக்கொட்டகைக்குக் கொடுத்தோம்.

இடையில் பெயிண்ட் கடையிலிருந்து ஒருவர் வந்து, ஓட்டுக்குச் சிவப்புக் கோட்டிங் இரண்டு கை அடித்தால் பத்து வருடத்துக்கு ஒழுகாது என்று சொல்லிப் போனார். மருமகளுக்கு அது பிடித்துவிட்டது, பார்க்கப் புது வீடு மாதிரி இருக்குமே. ஒழுக்கு ஓட்டின் மேனியில் இருந்தால் கோட்டிங் உதவும். பூட்டு விழாத இடுக்கில் இருந்தால் பெயிண்ட் என்ன செய்யும்? இன்னொன்று, அடித்த பிறகு விரிசல் கண்ணுக்குத் தெரியாது. அழகுக்காக என்றால் அடித்துக்கொள்ளலாம், எனக்கு ஒன்றும் சண்டையில்லை. கூரைக் கணக்கில் அதை எழுதக் கூடாது.

மரம்

கைமரம் சரிவுக்குப் பதினைந்து, மொத்தம் முப்பது. எல்லாம் பனை. நன்றாக விளைந்த பனையின் கறுப்பு வைரத்தில் கரையான் எளிதில் பல் வைக்காது. உள்ளிருக்கும் மென்சோற்றைத்தான் தின்னும். அதனால் வெளியே பார்த்து எதுவும் முடிவு செய்ய முடியாது. ஆசாரி ஒவ்வொன்றையும் சுத்தியலால் தட்டிக்கொண்டே போய், ஓசை மாறும் இடத்தில் ஸ்க்ரூ டிரைவரைக் குத்தினார். இருபத்தொரு மரத்தில் முனை இறங்கவே இல்லை. ஐந்து முழுக்கப் போய்விட்டன. நான்கில் அடிமட்டும், அதாவது சுவர் மேல் உட்காரும் ஒன்றரை இரண்டு அடி மட்டும் மக்கியிருந்தது. ஒழுகிய தண்ணீர் சரிவில் இறங்கிக் கடைசியாகத் தேங்குவது அங்கேதான்.

பெரியவர், "ஒன்பதையும் மாத்திடலாமே" என்றார். ஆசாரி ஒத்துக்கொள்ளவில்லை. "ஐயா, கால்ல புண்ணுன்னா காலையா வெட்டுறோம்? மேல பாருங்க, இரும்பு மாதிரி இருக்கு." அந்த நான்கிலும் மக்கிய அடியை வெட்டிவிட்டு, நல்ல பகுதியின் இரண்டு பக்கமும் பழைய பனஞ்சட்டம் வைத்துப் போல்ட் முடுக்கினார். சட்டம் நல்ல மரத்தின் மேல் மூன்றடி ஏறி நிற்க வேண்டும். கஞ்சத்தனமாக ஓரடி வைத்து ஆணி அடித்தால் அது ஒட்டு, தாங்காது. ஐந்து முழு மரமும் இடித்த வீட்டிலிருந்தே வந்தன. ஒன்று 1,800 ரூபாய்.

ரீப்பர் சரிவுக்குப் பதினாறு வரிசை, இரண்டு சரிவுக்கும் சேர்த்து 1,150 அடி ஓட்டம். பழையதில் முந்நூறு அடி தேறியது, அதை முன்சரிவிலேயே விட்டோம். மீதிக்கு, வெட்டுச் சேதமும் சேர்த்து 900 அடி கோங்கு ரீப்பர். ஜிஐ பைப் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) போடலாமே என்ற பேச்சு வந்தது. விலை பெரிய வித்தியாசமில்லை, நேராகவும் நிற்கும். ஆனால் இங்கிருந்து கடல் தூரமில்லை. பைப்பை வெட்டிய வாயிலும் வெல்டிங் இடத்திலும் துரு தொடங்கினால் உள்ளே எவ்வளவு தின்றிருக்கிறது என்று தெரியாது. மரத்தை முந்திரிக்கொட்டை எண்ணெய் தடவிக் காயவைத்து ஏற்றினோம். பண்ருட்டிப் பக்கம் கிடைக்கும், கறுப்பாக, கையில் பட்டால் தோல் பொத்துப்போகும். கையுறை இல்லாமல் தொடக் கூடாது.

ரீப்பர் இடைவெளியை டேப் பிடித்து அடிக்கக் கூடாது. இதை எத்தனையோ இடத்தில் தப்பாகப் பார்த்திருக்கிறேன். கையில் இருக்கும் ஓட்டில் இரண்டை எடுத்து, ஒன்றன் மேல் ஒன்று பூட்டி, மூக்குக்கும் மூக்குக்கும் உள்ள தூரத்தை அளந்து, அந்த அளவுக்கு ஒரு குச்சி வெட்டி, அந்தக் குச்சியை வைத்தே அடிக்க வேண்டும். எங்களுக்கு 32 சென்டிமீட்டர் வந்தது.

கூலி

மொத்தச் செலவில் பாதிக்கு மேல் கூலி, 72,000. பழையதைப் பயன்படுத்தும் வேலையில் இப்படித்தான் வரும்: பொருள் குறையும், கை வேலை கூடும். அந்தக் கூலியை எப்படிப் பேசுவது என்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. பிரித்து வேய மொத்தக் காண்ட்ராக்ட் பேசினால் இறக்குபவர்களுக்கு வேகம்தான் லாபம். ஓடு உடைந்தால் அது வீட்டுக்காரர் தலையில். அதனால் இறக்குவதையும் கழுவி அடுக்குவதையும் நாள் கூலிக்கு விட்டோம். ஏணியில் மூன்று பேர் நின்று கைமாற்றி இறக்கினார்கள். கீழே சித்தாள் அம்மா ஒருவர் வாங்கி, படுக்க வைக்காமல் செங்குத்தாக நிறுத்தி அடுக்கினார். படுக்க வைத்து அடுக்கினால் அடி ஓடுகள் பாரத்தில் நொறுங்கும். மறுபடி வேய்வதற்கு மட்டும் சதுர அடிக் கூலி. அந்த வேலையில் வேகத்தால் கெடுவது குறைவு, பூட்டு விழாவிட்டால் அடுத்த ஓடே உட்காராது.

ஒரே நேரத்தில் இரண்டு சரிவையும் பிரிக்கவில்லை. முதலில் பின்சரிவு. அது முடிந்து ஓடு ஏறிய பிறகு முன்சரிவு. குடும்பம் வீட்டை விட்டு வெளியே போகவில்லை, வாடகை மிச்சம். வேலை பங்குனியில் நடந்தது. புரட்டாசியில் முதல் தூறல் விழுந்தவுடன் ஊரே ஓட்டு ஆசாரியைத் தேடும், அப்போது பேரம் பேச வாய்ப்பே இல்லை. பங்குனியில் அவரே வேலை கேட்டு வருவார். கோடை மழைக்குப் பயந்து தார்ப்பாய் வாங்கி வைத்திருந்தோம். ஒரு இரவு அது தேவைப்பட்டது.

சமையலறைச் சாய்ப்பில் சிமெண்ட் ஷீட், ஆஸ்பெஸ்டாஸ். அதை உடைத்து இறக்கத்தான் ஆட்கள் தயாராக இருந்தார்கள், அப்படித்தான் எங்கும் செய்கிறார்கள். ஆஸ்பெஸ்டாஸ் நாரின் தூள் நுரையீரலுக்குள் போனால் புற்றுநோய் வரலாம். எந்த வகை ஆஸ்பெஸ்டாஸும் விதிவிலக்கு இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. ஷீட்டை நன்றாக நனைத்து, ஹூக்கைக் கழற்றி, முழுசாக இறக்க வேண்டும். ட்ரில் போடுவதோ கல்லால் அடிப்பதோ கூடாது. இந்த வீட்டில் ஷீட் விரிசலில்லாமல் இருந்ததால் தொடாமலே விட்டுவிட்டோம். பணம் மிச்சம், தூளும் கிளம்பவில்லை.

கை வைக்காத செலவு

சில இடங்களில் பெரியவர் குறைக்கச் சொன்னபோது நான் ஒப்பவில்லை. முக்கியமானது கட்டுக்கம்பி. சீமை ஓட்டின் அடியில் கம்பி நுழைக்க ஒரு துளை இருக்கும்; பெரும்பாலான வீடுகளில் அது சும்மாவே கிடக்கும். புயல் காற்று முதலில் பிடிப்பது தாவாரத்து வரிசையையும், முக்கோணச் சுவரை ஒட்டிய ஓரங்களையும், முகட்டையும்தான். கீழ் இரண்டு வரிசை, இரு ஓரத்திலும் இரண்டிரண்டு ஓடு, முகட்டை ஒட்டிய ஒரு வரிசை, இவ்வளவையும் துருப்பிடிக்காத கம்பியால் ரீப்பரோடு கட்டினோம். நடுவில் உள்ளவற்றைக் கட்டவில்லை. அவை உடைந்தால் உள்ளேயிருந்தே தூக்கி மாற்ற வேண்டுமே.

அடுத்தது பட்டை இரும்பு. கைமரம் சுவர்க்கட்டை மேல் வெறுமனே உட்கார்ந்திருந்தது. ஒவ்வொன்றையும் பட்டையால் கட்டையோடு இறுக்கினோம். முகட்டுக்குச் சுண்ணாம்புச் சாந்து, சிமெண்ட் மிகக் கொஞ்சம். சுண்ணாம்பு ஊற வைத்து அரைக்க ஆள் தேடுவது சிரமம்; கொத்தனார் முணுமுணுத்துக்கொண்டேதான் பூசினார்.

கணக்கு இது. கூலி 72,000. ரீப்பர் 21,600. கைமரம் 9,000, போல்ட், பட்டை, கம்பிக்கு 2,500. பழைய ஓடு 9,000, வண்டி வாடகை 2,500. முகட்டு ஓடு 34, புதிது, 2,380. மர எண்ணெய் 3,500. சுண்ணாம்பும் மணலும் 4,500. தார்ப்பாய் 4,000, சாரத்துக்கு 3,000. கூடத்தில் வெளிச்சத்துக்கு நான்கு கண்ணாடி ஓடு 1,200. கூட்டினால் 1,35,180. சரிவுப் பரப்பில் சதுர அடிக்கு 116 ரூபாய். இது அந்த வருடத்து, அந்த ஊர் விலை. உங்கள் ஊரில் மரமும் கூலியும் வேறாக இருக்கும். 

மருமகளின் தூசிப் பிரச்சினைக்கு மீதிப் பணத்தில் கூடத்துக்கும் ஒரு அறைக்கும் மட்டும் சீலிங் அடித்தார்கள். அதில் ஆள் தலை நுழையும் அளவுக்கு ஒரு கதவு வைக்கச் சொன்னேன். சீலிங் அடித்துவிட்டால் வெளிச்சப் புள்ளி பார்க்க முடியாது, ரீப்பர் மக்குவதும் கண்ணுக்குத் தெரியாமல் போகும்.

இந்த வழி எல்லா வீட்டுக்கும் பொருந்தாது. ஸ்க்ரூ டிரைவர் முனை பாதிக் கைமரங்களில் இறங்கினாலோ, உப்புப் பூத்து ஓட்டில் பாதி தேறாவிட்டாலோ, கூலி ஏறிப்போய் புதுசே மலிவாகிவிடும். சுவர் வெளியே சாய்ந்திருந்தால் கூரையைப் பற்றிப் பேசுவதே வீண். வயதானவர்கள் தனியாக இருக்கும் வீடு, வருடத்துக்கு ஒருமுறை மேலே ஏறிப் பார்க்க ஆள் இல்லை என்றாலும் நான் ஷீட்டையே சொல்வேன். ஓட்டுக் கூரைக்கு ஆவணியில் ஒரு நாள் ஆள் வேண்டும்: சருகு தள்ள, நழுவியதை ஏற்ற, தென்னை மட்டை விழுந்து உடைந்ததை மாற்ற. இந்த வீட்டில் அதற்காகவே மீந்த ஓடு நாற்பது சொச்சம் கொல்லையில் நிறுத்தி வைத்திருக்கிறோம்.

2024 நவம்பர் கடைசியில், ஃபெங்கல் புயல் கரையேறுவதற்கு முன் டெல்டாவில் கொட்டிய மழையில், கூடத்தில் பாத்திரம் வைக்க வேண்டியிருக்கவில்லை. சமையலறைச் சாய்ப்பு பெரிய கூரையோடு சேரும் இடத்தில் மட்டும் ஒரு கசிவு வந்தது. அங்கே தகரத்தை மடித்துச் சுவருக்குள் செருக வேண்டும், எட்டடி நீளம். ஆசாரியிடம் சொல்லியாயிற்று. பங்குனியில் வருகிறேன் என்றிருக்கிறார்.